மேகவேல் தையில் பெய்வித்த மழை

தை 8, வியாழன்

காலையிலேயே மூட்டம். நாலு சொட்டு. காயப்போட்ட துணியெல்லாம் மறுபடி உள்ளே.

லேபில் இருக்கும்போது போன். ‘மேகவேல்’ என்கிற சூப்பர் ஹீரோ காமிக்ஸ் போடும் பதிப்பகத்து அம்மா. தொடர் முழுக்கப் படித்து, அதை எழுதும் மதியரசுவின் பலம் என்ன, பலவீனம் என்ன என்று எழுதித் தரவேண்டுமாம். “ஃபேஸ்புக்ல நீங்க எழுதுறதைப் படிப்பேங்க. இது நல்லா வந்து, அவரும் சரின்னா, அடுத்த இதழை ரெண்டு பேரும் சேர்ந்து எழுதுங்க.”

நானா! மேகவேலுக்கா! ரத்தம் எடுத்த டியூப்பில் ஆள் பெயருக்குப் பதில் ‘மேகவேல்’ என்று எழுதிவிட்டேன். ரத்தம் கொடுக்க வந்தவர் பயந்துவிட்டார்.

தை 9, வெள்ளி

மழை விடவில்லை. எங்கள் வயலில் சம்பா அறுக்கிற பதம். அறுவடை மெஷின்காரர் சேற்றில் இறங்க மாட்டேன் என்கிறார். என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான் மட்டும் உள்ளுக்குள் துள்ளுகிறேன், பாவம்.

மதியரசு (இனி ம.அ.) பலம்: வசனம். வில்லன்கூட பஸ்ஸில் பக்கத்து சீட்காரன் மாதிரி பேசுவான், அதனாலேயே பயம். தங்கச்சி மேகவேலிடம் சண்டை போடும் பக்கம், மூன்றாம் தடவையும் அழுதேன்.

பலவீனம்: மாட்டிக்கொண்டால் உடனே ஒரு புது சக்தி. என்ன அழும்பு இது! ஊர் ஜனம் கைதட்ட மட்டும்.

கடைசி இதழ் பாக்கி. கேஸ் சிலிண்டர் புக் பண்ணணும்.

தை 11, ஞாயிறு

படித்தாயிற்று. அட கடவுளே! பொங்கல் முடிந்த கையோடு மேகவேல் டெல்டாவுக்கு வந்து, மேகத்தைக் குத்தி மழை கொட்ட வைக்கிறான். விளைந்து நிற்கும் வயலில்! ஜனம் கூத்தாடுகிறது. விழுந்து விழுந்து சிரித்தேன். ஜன்னல் பக்கம் திரும்பினதும் சிரிப்பு நின்றது. எங்கள் பயிர் முழுக்கப் படுத்துக் கிடக்கிறது.

இவர் சேற்றுக் காலோடு வாசலில் நின்றே என் கையிலிருந்த இதழை எட்டிப் பார்த்தார்.

“யாரு இவன், தையில மழை விடுறான்?”

“ஹீரோங்க.”

“நாசமாப் போச்சு. பெய்ய வச்சுட்டு?”

“பறந்து போயிட்டான்.”

“பலசாலிதானே? வந்து சாஞ்சதைத் தூக்கிக் கட்டச் சொல்லு.”

எனக்குப் புல்லரித்துவிட்டது. அடுத்த இதழே அதுதான்!

ஆனால் தப்பைச் சொன்னால் ம.அ. கோபித்துக்கொள்வார். அவர் வேண்டாம் என்றால் என் வாய்ப்பும் போச்சு. சொல்லாமல் விட்டால் வாசலில் நிற்கிற மனுஷன் முகத்தில் எப்படி விழிப்பேன்? தப்பையும் எழுதிப் பதிப்பகத்து அம்மாவுக்கு அனுப்பிவிட்டேன்.

தை 12, திங்கள்

வெயில்! லேபுக்கு லீவு.

காலையில் ம.அ. தானே போனில் கூப்பிட்டார். நான் எழுதியதை அந்த அம்மா அவருக்கு அனுப்பிவிட்டாராம். “நான் சென்னைங்க. மழைன்னாலே நல்லதுன்னு நெனச்சுட்டேன்.” போனில் பக்கம் புரட்டுகிற சத்தம். செத்தேன் என்று நினைத்தேன். “இதழ் கடைக்குப் போயிடுச்சே. இனி எப்படிம்மா மாத்துறது?”

“மாத்த வேணாம் சார். அவன் திரும்பி வரட்டும்.”

“வந்து?”

“சாஞ்ச கதிரை நிமித்திக் கட்டட்டும். மலையைத் தூக்குன கை சார். அழுத்திப் புடிச்சா மணி உதிர்ந்துடும்.”

“ஐயோ… முதல் பக்கம் நீங்களே எழுதுங்கம்மா. இன்னைக்கே!”

பக்கம் 1: முழங்கால் சேற்றில் மேகவேல். கையில் ஒரு பிடி கதிர். அவனுக்கு எப்படிக் கட்டுவதென்று தெரியவில்லை. பக்கத்தில் ஒரு பெண், அவள் சொல்கிறாள்…

இவர் வயலிலிருந்து கூப்பிடுகிறார். தண்ணீர் வடிந்துவிட்டதாம். கட்டப் போகணும்.