அப்பாவின் கைக்குட்டை செய்த வேலை

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா? எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

உங்கள் கடைவாய்ப் பல்லுக்குப் போட்ட உறை இருக்கிறதே, அந்தச் சிர்கோனியாப் பீங்கானில்தான் என் ஆராய்ச்சி. அது சொரசொரப்பாக இருந்தால் எதிர்ப் பல்லைத் தேய்த்துவிடும். அதனால் பீங்கான் வில்லைகளை விதவிதமாக மெருகேற்றி, மேடுபள்ளத்தை ஊசிமுனைக் கருவியால் அளக்கிறேன். இது முடிந்தால்தான் விடுப்பு என்று பேராசிரியை சொல்லியிருந்தார். போன வாரம் பார்த்தால், மெருகேற்றிய வில்லைகள்தாம் அதிகச் சொரசொரப்பு என்றது கருவி! எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

கருவியைப் பார்த்துக்கொள்ளும் அக்கா நான் வேலை செய்வதைக் கவனித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஏம்மா, இதென்ன மூக்குக்கண்ணாடியா, ஊதி ஊதித் துடைக்க? ஊசி பீங்கானையா அளக்குது? உன் கைக்குட்டை நூலையில்ல அளக்குது!"

அது உங்கள் பழைய கைக்குட்டை, அப்பா. கேட்காமல் எடுத்து வந்துவிட்டேன். ஊதித் துடைக்கும் பழக்கமும் உங்களுடையதுதான். மெருகேற்றிய வில்லைகள் பளபளக்கட்டும் என்று அவற்றை மட்டும் துடைத்துத் துடைத்து வைத்திருந்தேன்.

நாற்பது வில்லைகளையும் ஸ்பிரிட்டில் கழுவி, காற்றில் உலர்த்தி மறுபடி அளந்தேன். மெருகேற்றியவை சமர்த்தாக வழவழவென்று வந்தன. பத்து நாள் விடுப்பும் வந்துவிட்டது!

நான் பாதியில் விட்ட நாவலைத் தலையணைக்கு அருகில் எடுத்து வையுங்கள். என் போர்வையை வெயிலில் போடச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை காலை ரயில். முழங்கால் வலியோடு நிலையத்துக்கு வர வேண்டாம். வந்தே தீருவேன் என்று அடம்பிடித்தால், கண்ணாடியைத் துடைக்காமல் வாருங்கள். கைக்குட்டை என்னிடம்தான் இருக்கிறது.

ஆய்வகத்தைப் பூட்ட அக்கா சாவியோடு வாசலில் நிற்கிறார்.

உங்கள் மகள்