சட்டைப்பையில் இருந்த தீர்ப்பு

கொல்லிமலை
23.11.2025

அன்பு மகள் வித்யாஸ்ரீக்கு அப்பா எழுதுவது. புனேயில் குளிர் தொடங்கியிருக்கும், நீ நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே அம்மா, தம்பி பிரேம், நான் மூவரும் உடம்பளவில் சுகம்தான், வீட்டுக்குள் மட்டும் யாரும் யார் முகத்தையும் நேராகப் பார்ப்பதில்லை. பத்து நாளாக மழை விடவில்லை, ரோட்டில் இரண்டு வளைவில் மண் சரிந்து லாரி ஏறவில்லை, பஸ் மட்டும் ஊர்ந்து போகிறது, வாங்கிப் போட்ட காபிக்கொட்டை குடோனில் வேர்த்துக் கிடக்கிறது. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருப்பேன். மற்றதைப் போனில் சொன்னால் நீ நடுவில் அழுவாய், நான் பேச்சை மாற்றிவிடுவேன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

பெருமாயி அத்தைக்கும் செங்கோட்டையன் பெரியப்பாவுக்கும் நிலத்தில் தகராறு என்று அம்மா சொல்லியிருப்பாள், முழுதும் சொல்லியிருக்க மாட்டாள். அத்தை புருஷனை விட்டு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. தாத்தா படுக்கையில் கிடந்த நாலு வருஷமும் அள்ளிக் கொட்டியது அவள்தான். மேலைக்காட்டில் சில்வர் ஓக் நட்டு ஒவ்வொரு மரத்திலும் மிளகுக்கொடி ஏற்றியதும் அவள்தான். அந்த மிளகைத்தான் நான் முதல் தடவையாகச் சந்தைக்குத் தூக்கிப் போனேன், இன்று நாலு பேர் என்னை முதலாளி என்கிறார்களே, அது அங்கே தொடங்கியது. தாத்தா போன பிறகு அந்தக் காடு தன்னுடையது என்று பெரியப்பா வேலி போட்டார். அத்தை எனக்கும் பங்கு உண்டு என்றாள். ஊர்க்கூட்டத்துக்குப் போயிற்று. கூட்டத்தில் நம் பெண்கள் உட்காருவதில்லை, அவர்களுக்காக வீட்டு ஆண் ஒருவன் பேச வேண்டும், உனக்குத் தெரியும். அவள் என்னைப் பேசச் சொன்னாள்.

நீ அனுப்பிய நாலு பக்கமும் என் சட்டைப்பையில்தான் இருந்தது கண்ணு. பழங்குடி என்பதால் நம் பெண்களுக்கு வாரிசுச் சட்டம் சேராது என்று இத்தனை காலம் சொல்லி வந்தார்கள். வடக்கே ஒரு பழங்குடிக் குடும்பத்து வழக்கில், பெண் என்பதற்காகப் பங்கு இல்லை என்பது அரசியல் சட்டம் சொல்லும் சமத்துவத்துக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதை நீ தமிழில் குண்டு குண்டாக எழுதி அனுப்பியிருந்தாய். நம் விஷயத்துக்கு அது அப்படியே பொருந்துமோ என்னவோ, பேசுவதற்கு ஒரு பிடியாவது ஆகியிருக்கும். நான் வாயைத் திறக்கும் முன்பே, கூட்டத்தை நடத்தும் ஊர்க்கவுண்டர் சென்றாயன், "ஏனுங்க அர்த்தனாரி, மிளகு மூட்டையாட்டம் பொம்பளைக்கும் பங்கை எடை போட்டுக் குடுத்தரலாம்ங்களா?" என்றார், எல்லோரும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பில்லாமல், "நாளைக்கு உங்க புள்ளயும் கீழ்நாட்டு மாப்பிள்ளையக் கூட்டிட்டு வந்து பங்கு கேக்கும், மண்ணு மலைய உட்டு எறங்கிப் போயிருமுங்க, பரவால்லீங்களா?" என்று கேட்டார். மண் கைமாறிப் போகும் என்ற பயம் பொய்யில்லை, எத்தனை காடு அப்படிப் போயிற்று என்று நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அப்போது என் மனதில் ஓடியது அதுவல்ல. அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் எனக்கு மிளகு போடுகிறவர்கள், அவர்கள் வேறு வியாபாரியிடம் போய்விட்டால் என் குடோன் காலி. ஊர் வழக்கம் எதுவோ அதுவே ஆகட்டும் என்று சொல்லி, நீட்டிய தாளில் கையெழுத்தும் போட்டேன். அவளுக்கு ஓர் அறையும் வருஷத்துக்கு இரண்டு மூட்டை ராகியும் என்று தீர்ந்தது. பலாமரத்தடியில் நின்ற மற்றப் பெண்கள் கலைந்தார்கள், அவள் மட்டும் நின்றாள். உன் பங்கையும் சேர்த்து விட்டுக்கொடுத்துத்தான் நான் அன்று வாயை மூடினேன், இதை வேறு யாரும் சொல்லி நீ கேட்கக் கூடாது.

மறுநாள் என் பங்கில் அரை ஏக்கர் தருகிறேன் என்று அவளிடம் போனேன். அவள் முறத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல், "குடுத்தா வாங்கிக்கறதுக்கு நான் என்ன சந்தையில கை நீட்டறவளாண்ணா? அப்பன் காட்டுல பங்கு கேட்டேன், உன்ற தயவக் கேக்குல" என்றாள். பிறகு, "புள்ள எழுதுனது உன்கிட்ட இருக்குதாமே, அதையாச்சும் குடு, எழுத்துக் கூட்டிப் படிச்சுக்கறேன்" என்றாள். நான் சட்டையைத் துவைக்கப் போட்டிருந்தேன். காகிதம் கூழாகிவிட்டது. பையைப் பார்க்க மறந்துவிட்டேன் என்று அம்மாவிடம் சொன்னேன். உன்னிடம் அப்படி எழுதக் கை வரவில்லை.

போன வாரம் அத்தை தனியாக பஸ் ஏறி நாமக்கல்லில் இலவச சட்ட உதவிக்குப் போய் வந்தாள். அந்த எழுபது வளைவிலும் அவளுக்கு வாந்தி வரும், மஞ்சள்பையில் இரண்டு எலுமிச்சை எடுத்துப் போனாளாம். வழக்குப் போடுகிறார்கள், பெரியப்பா முதல் எதிரி, நான் இரண்டாவது. ஊரில் அவளோடு யாரும் பேசுவதில்லை, கடைக்காரன் உப்புகூட இல்லை என்கிறான். இராத்திரி அம்மா சோறு கொடுத்து அனுப்பினால் பாத்திரம் கழுவித் திரும்பி வருகிறது, சோறு தின்றாளா நாய்க்குப் போட்டாளா தெரியாது. கோர்ட்டில் கேட்டால் அந்தக் காட்டை நட்டது யார் என்று உள்ளதைச் சொல்வேன் என்று இப்போது நினைக்கிறேன். கூட்டத்துக்குப் போகும் முன்னும் இப்படித்தான் நினைத்தேன்.

நீ வேளைக்குச் சாப்பிடு, இராத்திரி ஷிப்ட் முடிந்து தனியாக ஆட்டோவில் வராதே. வழக்கு நாளுக்கு லீவு போட்டு வந்தால் அத்தை பக்கத்தில் நில், என் பக்கம் வர வேண்டாம். கொல்லிமலை அறப்பளீஸ்வரர் உன்னைக் குறைவில்லாமல் காப்பார்.

மறந்துவிடாதே சாமி, அந்த நாலு பக்கத்தையும் மறுபடி உன் கையாலேயே எழுதி அனுப்பு, எழுத்து இன்னும் பெரிதாக இருக்கட்டும். ஆனால் என் பெயருக்கு வேண்டாம். கவரின் மேல் பெருமாயி என்று எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா
அர்த்தனாரி