அலமாரியில் பூட்டிய கத்தரிக்கோல்கள்

அனுப்புநர்
தையற்கடை நடத்துபவர்,
டயாலிசிஸ் பிரிவு நோயாளி.

பெறுநர்
கண்காணிப்பாளர் அவர்கள்,
அரசு மருத்துவமனை.

பொருள்: டயாலிசிஸ் இயந்திரங்களில் கத்தரிக்கோல்களை மீண்டும் தொங்கவிடவும், தலைமைச் செவிலியருக்குத் தரப்பட்ட மெமோவைத் திரும்பப் பெறவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சிறுநீரகம் செயலிழந்த நான், தங்கள் மருத்துவமனையில் வாரம் மூன்று முறை இரத்தம் சுத்திகரித்துக்கொள்கிறேன். அப்போது என் இடது கையிலிருந்து இரண்டு குழாய்கள் இயந்திரத்துக்குப் போகும். நோயாளிகள் நாங்கள் கட்டிப்போட்ட மாடு போலக் கிடப்போம். தீப்பிடித்தாலும் எழுந்து ஓட முடியாது.

2. இதை மனத்தில் வைத்தே எங்கள் தலைமைச் செவிலியர் ஒவ்வொரு இயந்திரத்திலும் ஒரு கத்தரிக்கோலைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். ஆபத்து வந்தால், குழாயில் உள்ள கிளிப்புகளை இருபுறமும் இறுக்கி, நடுவில் வெட்டி எங்களை வெளியேற்றுவதற்காக. ஊசி போடுமுன் "வாசல் எந்தப் பக்கம், கத்தரிக்கோல் எங்க இருக்கு, சொல்லுங்க" என்று கேட்காமல் விடமாட்டார். "பரீட்சை வைக்காம ஊசி போட மாட்டீங்களா சிஸ்டர்" என்று நாங்கள் கிண்டல் செய்வோம்.

3. மேலிட ஆய்வுக்கு முன்பு நிர்வாக அலுவலர் வந்து, "என்ன இது, சலூன் மாதிரி" என்றார். கத்தரிக்கோல்கள் கழற்றப்பட்டு அலமாரியில் பூட்டப்பட்டன. வந்தவர்கள் சுவரின் வெள்ளையைப் பாராட்டிவிட்டுப் போனதாகக் கேள்வி. கத்தரிக்கோல்கள் மட்டும் வெளியே வரவில்லை.

4. சென்ற வாரம் மூலைக் கட்டிலுக்கு மேலிருந்த ஏசி புகையத் தொடங்கியது. மின்சாரம் நின்று அறை இருண்டது. அலமாரிச் சாவி ஸ்டோர்கீப்பரிடம். அவர் சாப்பிடப் போயிருந்தார். குழாய்களை ஒவ்வொன்றாகத் திருகிக் கழற்ற அவகாசமில்லை. "யார்கிட்டயாவது கத்தரிக்கோல் இருக்கா?" என்று தலைமைச் செவிலியர் கேட்டார். கடையிலிருந்து நேராக வந்திருந்த என் பையில் இருந்தது. காகிதம் வெட்ட என் கணவர் கேட்டால்கூட நான் தராத, துணியைத் தவிர எதையும் தொடாத கத்தரிக்கோல் அது. வாங்கிக்கொண்டு புகைக்குள் மூலைக் கட்டிலுக்கு ஓடினார்.

5. நான் வாசலருகே படுத்திருந்ததால் என் முறை கடைசி. மற்றவர்கள் இருமிக்கொண்டே என்னைக் கடந்து போனார்கள். உயிர்ப்பயத்தோடு எனக்குக் கோபமும் வந்தது ஐயா. கத்தரிக்கோல் என்னுடையது, கடைசி ஆள் நானா என்று. ஒருவழியாக என்னிடம் வந்தவர், கிளிப்பை இறுக்கியபடியே "வாசல் எந்தப் பக்கம்?" என்றார். புகையில் அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. நான் கைகாட்டினேன். இருவரும் வெளியே வந்தோம்.

6. ஒரு உயிரும் போகவில்லை. அதற்கு அவருக்குக் கிடைத்தது மெமோ: கிருமி நீக்காத கருவியைப் பயன்படுத்தியது, குழாய்களைச் சேதப்படுத்தியது. அவர் இப்போது வெளிநோயாளர் பிரிவில் சீட்டு கொடுத்துக்கொண்டிருக்கிறார். எங்களைவிடக் குழாய் பெரிதா என்று கேட்க வாய்வரை வருகிறது. தங்கள் பதவிக்குரிய மரியாதை கருதி விழுங்கிக்கொள்கிறேன்.

7. அன்றுமுதல் என் கத்தரிக்கோலை விடாமல் கொண்டுவருகிறேன். இப்போது பையைச் சோதிக்கும் வாயிற்காவலர் "கூரான பொருள் உள்ளே போகக் கூடாதும்மா, போறப்ப வாங்கிக்கங்க" என்று வாங்கி வைத்துக்கொள்கிறார். அவர் மீது குறையில்லை. ஆனால் அதைக் கொண்டு அவர் காகிதம் வெட்டுவதை என் கண்ணாலேயே பார்த்தேன்.

ஆகவே மெமோவை ரத்து செய்து, அந்தச் செவிலியரை எங்கள் பிரிவுக்கே திருப்பி அனுப்பவும், கத்தரிக்கோல்களை அந்தந்த இயந்திரத்தில் தொங்கவிடவும் உத்தரவிடுமாறு வேண்டுகிறேன். ஆய்வு வரும் நாளிலும் அவை அங்கேயே இருக்கட்டும்.

இம்மனுவை வலது கையால் எழுதுகிறேன். இடது கை இயந்திரத்தில் இருக்கிறது. இன்று எனக்குக் கிடைத்தது மூலைக் கட்டில். ஊசி போட்ட புதிய செவிலியரிடம் அலமாரிச் சாவி எங்கே என்று கேட்டேன். "விசாரிச்சுச் சொல்றேம்மா" என்று போனார். இன்னும் வரவில்லை.

இடம்: டயாலிசிஸ் பிரிவு, மூலைக் கட்டில்
நாள்: இன்று, வியாழன்

தங்கள் உத்தரவை எதிர்நோக்கி,
(கையொப்பம்)
தையற்கடைக்காரி