சகலை வீட்டு மெஷினும் நம் வீட்டு மெஷினும்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், அம்மாவின் முழங்கால் வலி கூடவும் இல்லை குறையவும் இல்லை. நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடி, நல்லபடியாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன். நீ வாங்கிக் கொடுத்த வாஷிங் மெஷினும் இன்றைக்கு சுகமாக இருக்கிறது. நடுவில் அது படுத்துவிட்ட கதை உன் காதுக்கு சித்தப்பா வழியாக வருவதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்றுதான் கடையைக்கூடக் கொஞ்சம் சீக்கிரம் அடைத்துவிட்டு எழுதுகிறேன், நிதானமாகப் படி.

முதலில் என் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். போன மாதம் உன் சித்தப்பா கடைக்கு ஆணி வாங்க வந்தார். தச்சர் ஒருவர் கீல் பார்த்துக்கொண்டு நிற்கிறார், நான் தாழ்ப்பாள் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருக்கிறேன், அப்போது இவர் நடுக்கடையில் நின்றுகொண்டு, பாப்பா போன் பண்ணுச்சு அண்ணே, அங்க அது வாங்கின ஓவன் நின்னுபோச்சாம், வாரண்டி வேற முடிஞ்சிருச்சாம், என்ன பண்றது சித்தப்பான்னு கேட்டுச்சு, எல்லாம் விவரமா சொல்லியிருக்கேன் என்றார். ஓவன் நின்றுபோனது எனக்குத் தெரியாது. ஆனாலும் தச்சர் முன்னால் விட்டுக்கொடுக்க முடியுமா, ஆமா ஆமா எனக்கும் சொல்லிச்சு என்று தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டேன். ஏம்மா, நடைபாதையில் கோணி விரித்துப் பூட்டு விற்றதில் ஆரம்பித்து இத்தனை வருஷமாகப் பொருள் வாங்குவதும் விற்பதும்தான் என் பிழைப்பு. அவர் குடிநீர் அலுவலகத்தில் நாற்காலியைத் தேய்த்துவிட்டு ஓய்வு பெற்றவர். வாங்கின பொருள் கெட்டுப்போனால் என்ன செய்வது என்று அவரிடமா கேட்பாய்? அன்றைக்கு ஆணிக்கு வழக்கமாகக் குறைக்கிறதைக் குறைக்காமல் முழு விலையும் வாங்கிக்கொண்டேன். அவர் கவனித்தாரா என்று தெரியவில்லை, தச்சர் கவனித்தார்.

இது இன்று நேற்று வந்த எரிச்சல் இல்லை என்பது உனக்கும் தெரியும். முதல் சம்பளத்தில் ஒரே மாடல் மெஷின் இரண்டு வாங்கி, நமக்கொன்று சித்தி வீட்டுக்கொன்று என்று அனுப்பினாய். படிக்கிற காலத்தில், அவருக்கு வெளியூரில் வேலை இருந்தபோது, அவர்கள் வீட்டில் இருந்தாய், நன்றி இருக்க வேண்டியதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் வண்டிக்காரன் அவர்கள் வீட்டில் முதலில் இறக்கிவிட்டு அப்புறம் இங்கே வந்தான் பார், அது இன்னும் எனக்கு ஜீரணமாகவில்லை. வாங்கின வருஷமே அவர்கள் மெஷின் துணி பிழியும்போது தடதடவென்று அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. அவர் உடனே கடைக்கு எழுதிப் போட்டு, கம்பெனி மெக்கானிக் வந்து, டிரம்மின் முதுகைத் தாங்குகிற மூன்று கால் உலோகத் தாங்கியில் விரிசல் என்று சொல்லி இலவசமாகவே மாற்றிக் கொடுத்தான். அப்போது நான் எல்லோர் முன்னாலும், உங்க மெஷின்தான் கத்துது, எங்க வீட்டுது ஓடுதா நிக்குதான்னு கையை வெச்சுப் பாத்தாதான் தெரியும் என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாய் மூடுவதற்குள் நம் மெஷினும் அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. நீ அவருக்கு வாங்கினது பழுது, எனக்கு வாங்கினது நல்லது என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன் இனி எந்த முகத்தோடு புகார் கொடுப்பது? அவர்கள் வீடு இப்போது அடுத்த தெருதானே, சத்தம் கேட்குமே என்று துணி துவைக்கிற நேரமெல்லாம் கூடத்தில் ரேடியோவைச் சத்தமாக வைத்துவிடுவேன். மெஷின் கத்துறத மறைக்க ரேடியோவைக் கத்தவிடற மனுஷனை நான் இங்கதான் பாக்கறேன் என்று உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அப்படியே வாரண்டியும் முடிந்தது. ஆணி விஷயம் நடந்த அடுத்த வாரம், படுக்கை விரிப்பெல்லாம் உள்ளே தண்ணீரில் மிதக்க, டிரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து மெஷின் நின்றுவிட்டது.

நமக்குத் தெரிந்த மெக்கானிக்கை அழைத்து, எதையும் கழற்றுவதற்கு முன்னால் இருக்கிற நிலையில் படம் எடுக்கச் சொல்லி, என்ன உடைந்தது எதனால் உடைந்தது என்று அவர் கையாலேயே எழுதி வாங்கிக்கொண்டேன். அதே மூன்று கால் தாங்கி. கடைக்குப் போனால், கவுண்டரில் இருந்த பெண் பில்லைப் பார்த்துவிட்டு, வாரண்டி முடிஞ்சிருச்சு சார், மாத்தறதுக்கு ஆகற செலவுக்குப் புதுசே எடுத்துக்கலாம், இப்ப பழசுக்குத் தள்ளுபடி போகுது என்று இனிக்க இனிக்கச் சொன்னாள். இந்தப் பேச்சு நானும் பேசுகிற பேச்சுதான், என்னிடமேவா? நான் சொன்னேன், அம்மா, நானும் பூட்டு விக்கிறவன். மழையில போட்டுத் துருப்பிடிக்க வெச்சுட்டு வந்தா திருப்பி வாங்க மாட்டேன். ஆனா ஒரே பெட்டியில வந்த பூட்டுல நாலு பேரோடது ஒரே இடத்துல மாட்டிக்கிச்சுன்னா தேதி பாக்காம வாங்கிக்குவேன், ஏன்னா அது பொறக்கும்போதே கோளாறு. வாரண்டிங்கறது நீங்களா குடுத்த வாக்கு, அது முடிஞ்சிருக்கலாம். நல்ல பொருளை விக்கணுங்கறது முடியுமா என்றேன். அந்தப் பெண் சாமர்த்தியசாலி. சரி சார், வாரண்டி இருக்கும்போது சத்தம் வந்ததா, சொன்னீங்களா என்றாள். ரேடியோ வைத்தேன் என்றா சொல்வேன், பில்லை எடுத்து மடித்தேன். வேற யாருக்காவது இதே மாடல்ல இதே இடம் உடைஞ்சிருந்தா கொண்டு வாங்க, பேசலாம் என்றாள்.

இதற்குப் பிறகு நான் செய்ததைப் படித்துச் சிரிக்காதே. அதே மாடலை ஊரெல்லாம் தேடினேன். தையல்காரர் வீட்டில் கேட்டேன், பல் டாக்டர் வீட்டில் கேட்டேன், பெண்கள் விடுதி வாசலில் போய் உங்க வாஷிங் மெஷினைப் பாக்கலாமா என்று கேட்டு, அங்கே காவலுக்கு இருந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்த பார்வையில் திரும்பி வந்தேன். ஒருத்தரிடமும் இல்லை. உன் அம்மா வாளியில் துணி அலசிக்கொண்டே, தேடற மெஷின் அடுத்த தெருவுல இருக்கு, என் முழங்கால்தான் உங்க வீம்புக்கு வாடகை குடுக்குது என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு போனேன். சித்தப்பா மாடியில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் என் கண் ஒரு பூந்தொட்டிக்குக் கீழே போய் நின்றது. அந்த உடைந்த மூன்று கால் தாங்கி! மாற்றின பழைய பாகம் நம்முடையது, கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும் என்று அன்றைக்கே வாங்கி, தொட்டிக்கு முக்காலியாகப் போட்டிருக்கிறார். விஷயத்தைச் சொன்னேன். தொட்டியை இறக்கி, தாங்கியை மண் போகக் கழுவி, செய்தித்தாளில் சுற்றிக்கொண்டே, எனக்கு முன்னாடியே தெரியும் அண்ணே என்றார். எப்படி என்றால், நீங்க என்னைக்கு ரேடியோ கேட்டீங்க, வீட்டுக்காரியும் நானும் ரேடியோ சத்தம் வந்தா அண்ணன் வீட்ல துவைக்கறாங்கன்னு சொல்லிக்குவோம் என்றார். அப்புறம் போகிற போக்கில் இன்னொன்று சொன்னார். ஓவன் விஷயமா பாப்பா முதல்ல உங்களுக்குத்தான் போட்டுச்சு, ரொம்ப நேரம் அடிச்சும் யாரும் எடுக்கலையாம், அப்புறம்தான் எனக்குப் போட்டுச்சு, ஞாயிற்றுக்கிழமை காலையில போட்டுச்சாம், நீங்க துவைச்சிட்டு இருந்திருப்பீங்க. அம்மாடி, உன் போன் மணியையும் அந்த ரேடியோதான் மூடியிருக்கிறது என்று படியிறங்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு அந்தக் கடைக்குப் போனேன், இந்த முறை மேனேஜரே வந்தார். இரண்டு தாங்கியையும் கவுண்டரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன், இரண்டிலும் ஒரே காலில் ஒரே இடத்தில் விரிசல். அவர் கம்பெனியைக் கேளுங்கள் என்றார், பில்லில் உங்கள் கடைப் பெயர்தானே இருக்கிறது, என் மகள் பணம் கொடுத்தது உங்களிடம்தானே என்றேன். தொண்டை வற்ற நான் பேச, அவரோ இஸ்திரி போட்ட சட்டையைப் பார்த்து சித்தப்பாவிடமே பதில் சொல்லிக்கொண்டிருந்தார். மெஷின் ரெண்டும் யாருது சார் என்றார். எங்க பொண்ணு வாங்கிக் குடுத்தது என்றார் இவர். நான் சும்மா இருப்பேனா, என் பொண்ணு, அவருக்கும் ஒண்ணு வாங்கிக் குடுத்துச்சு என்றேன். கவுண்டர் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்புறம்தான் உன் சித்தப்பா நிதானமாக ஒரு பேச்சு சொன்னார். முடியாதுங்கறதைக் காரணத்தோட ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார், நாங்க நுகர்வோர் கோர்ட்டுல காட்டிக்கறோம். மேனேஜர் உட்கார்ந்தார், உள்ளே போனார், போனில் பேசினார், வந்தார். தாங்கியும் இலவசம், மாட்டுகிற கூலியும் இலவசம் என்றார். நான் அவ்வளவு பேசினதற்கு அசையாத ஆள் ஒரு வெற்றுத் தாளுக்கு அசைந்துவிட்டார். அது எனக்குத் தோன்றவில்லையே என்று இரண்டு நாள் சாப்பாடே இறங்கவில்லை. உண்மையைச் சொன்னால் என்ன, அவர் நாற்காலியை மட்டும் தேய்க்கவில்லை போலிருக்கிறது.

உன் ஓவனுக்கும் இதையே செய். வாரண்டி முடிந்தது என்று சொன்னதும் சரி என்று தலையாட்டிவிட்டு வராதே. விற்ற கடையை விட்டுவிட்டுக் கம்பெனி பின்னால் ஓடாதே. கழற்றுவதற்கு முன்னால் படம் எடு, என்ன கோளாறு என்று எழுதி வாங்கு, அதே மாடல் வைத்திருக்கிறவர்களிடம் விசாரி. உன் கையால் கெட்டதா, பிறவிக் கோளாறா என்று முதலில் உனக்கு நீயே நேர்மையாகப் பார்த்துக்கொள், உன்னால் கெட்டதென்றால் சண்டை போடாதே. அந்த ஊர்ச் சட்டம் வேறாக இருக்கும், அங்கே விசாரித்துக்கொள். கடைசியில் அந்தத் தாளையும் கேள். இதையெல்லாம் சித்தப்பா ஏற்கெனவே சொல்லியிருப்பார், இருந்தாலும் நான் சொன்னதாகவே வைத்துக்கொள்.

அவருடைய தாங்கியைக் கம்பெனிக்காரர்கள் பரிசோதனைக்கென்று எடுத்துக்கொண்டார்கள், அவர் தொட்டி தரையில் உட்கார்ந்துவிட்டது. நம்முடையது என் மேஜையில்தான் இருந்தது. கொடுக்க மனசே வரவில்லை. நேற்று கொண்டுபோய் அவர் தொட்டிக்கு முக்காலியாகக் கொடுத்துவிட்டேன், கொடுக்கும்போது, உங்களுதைவிட இதுல விரிசல் பெருசு பாத்துக்குங்க என்றேன். உங்களுது எது அண்ணே சின்னதா இருந்திருக்கு என்று வாங்கிக்கொண்டார்.

நீ எடுத்த காரியமெல்லாம் கைகூடி, நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும். அம்மா தனியாக அன்பு சொல்லச் சொன்னாள், காலில் ஈரத்தோடு நிற்காதே என்று எழுதச் சொன்னாள். ஓவன் என்ன ஆனது என்று போன் பண்ணு. மெஷின் இப்போது சத்தமே போடுவதில்லை, ரேடியோவைப் பரணில் ஏற்றிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அடித்தாலும் முதல் மணியிலேயே கேட்கும்.

உன் வழி பார்த்திருக்கும்,
அப்பா