மூலையில் ஓடிய தப்புத் தேதி

மாப்ள,

நேற்று என் சர்க்கரை பார்க்கிற மிஷின் செத்துப்போய்விட்டது. ஆமாம், எனக்குத்தான் சர்க்கரை. சிரிக்காதே. டீயில் மூன்று கரண்டி போடச் சொல்லி, போதாதென்று அடியில் தங்கியதை வழித்துத் தின்றவன், இப்போது விரலைக் குத்திக்கொண்டு நம்பர் பார்க்கிறேன். மிஷினைத் தூக்கிக்கொண்டு பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு செல்போன் கடைக்குப் போனேன். கடையில் இருந்த பெண் அதன் முதுகைத் திறந்து, காசு மாதிரி வட்டமான ஒரு பேட்டரியை நெம்பி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

"இதாண்ணே போச்சு. வேற ஒண்ணுமில்ல."

பளபளவென்று புதுசு மாதிரியே இருந்தது. செத்திருக்கிறது என்று பார்த்தால் தெரியவே தெரியாது. நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு கடை வாசலிலேயே அழுதுவிட்டேன். அந்தப் பெண் பயந்துபோய், "புதுசு போட்டாச்சுண்ணே, ஓடும்ணே, அழாதீங்க" என்றது. என் சர்க்கரைக்காக அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டது போல.

உனக்குச் சொல்ல ஒரு சேதி வைத்திருக்கிறேன். எடுத்த எடுப்பில் சொன்னால் மீதியைக் கேட்க மாட்டாய், உன் குணம் எனக்குத் தெரியும். அதனால் வரிசையாகவே வருகிறேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். எங்காவது புள்ளி விட்டுப்போயிருந்தால் நீயே வைத்துக்கொள்.

தொண்ணூற்றைந்தில் அரியலூர்த் தெருக்களில் நாம் கேபிள் டிவி வயர் இழுத்தது ஞாபகம் இருக்கிறதா? சிமெண்டு லாரிப் புழுதியில் சாயங்காலத்துக்குள் இரண்டு பேரும் ஒரே நிறமாகிவிடுவோம். நீ ஐடிஐ படித்தவன், அதனால் கீழே நின்று வயரைக் கொடுத்தாய். நான் படிக்காதவன், கம்பத்தில் ஏறினேன். "படிச்சா மேல போவலாம்னாங்க, நீ என்னடா கீழ நிக்கிற?" என்று உச்சியிலிருந்து கத்துவேன். நீ ஏணியை லேசாக ஆட்டுவாய்.

அப்புறம் பெரம்பலூரில் சொந்தமாகக் கண்ட்ரோல் ரூம் வைத்தோம். ஒரு பக்கம் சிறுவாச்சூர் வரைக்கும் நம் லைன் போனது. நமக்கென்று ஒரு லோக்கல் சேனல். அதில் பாட்டுப் போடுவதும், படத்துக்குக் கீழே எழுத்து ஓடவிடுவதும் உன் வேலை. காதுகுத்து, கடை திறப்பு, பிறந்தநாள், இறந்த சேதி எல்லாம் அந்த வரியில்தான் ஊருக்குப் போகும். வலது மூலையில் தேதியும் மணியும். அந்த மூலையில் உனக்கு இருந்த கர்வம் வேறு எதிலும் இருந்ததில்லை. டீக்கடைக்காரர் கூட அதைப் பார்த்துத்தான் கடிகாரத்தைத் திருகுவார். ஒரு நிமிஷம் பிசகினாலும் சோற்றை விட்டு எழுந்து ஓடிவந்து சரி செய்வாய்.

இரண்டாயிரத்து ஐந்தில் திருச்சியிலிருந்து அந்தச் சின்னப் பெட்டியை வாங்கி வந்தாய். டிபன் பாக்ஸ் அளவுதான். உள்ளே சுற்றுகிற தட்டு கிடையாது, ஒரு சின்னக் கார்டில்தான் எல்லாம் இருக்கிறது, லினக்ஸில் ஓடுகிறது என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் விளக்கினாய். ஸ்விட்சைப் போட்டால் கறுப்புத் திரையில் முதலில் அந்த லினக்ஸின் முத்திரையான ஒரு குட்டிப் பறவை வந்து உட்காரும். வெள்ளை வயிறு, மஞ்சள் கால்.

"வாத்து வந்துடுச்சுடா" என்றேன்.

"அது பென்குவின். பனியில வாழுறது."

"பனியில வாழ்ந்தா வாத்து இல்லன்னு ஆயிடுமா?"

அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. பெட்டி ஒழுங்காகக் கிளம்பினால் வாத்து வந்துடுச்சு. கிளம்பாவிட்டால் வாத்து மக்கர். உன் பெண்டாட்டி, என் தங்கச்சி, அது கூட எனக்கு போன் போட்டு, "ஏண்ணே, வாத்து வந்துடுச்சா? அவுரு சாப்புட வருவாரா?" என்று கேட்கும்.

மலரைப் பற்றி நீயாக எதுவும் பேச மாட்டாய், அதனால் நானே சொல்கிறேன். உன் ஒரே மகள். வருஷா வருஷம் அவள் பிறந்தநாளுக்கு மற்றவர்கள் வரியையெல்லாம் ஓரங்கட்டிவிட்டு நாள் முழுக்க அவள் வரியை ஓடவிடுவாய். 'இன்று பிறந்தநாள் காணும் எங்கள் மலருக்கு வாழ்த்துகள். அப்பா, அம்மா, மாமா.' அந்த மாமா நான்தான். பெட்டி வருவதற்கு இரண்டு வருஷம் முன்னால் அவள் அந்த மெக்கானிக் தம்பியைக் கட்டிக்கொண்டு போனாள். சாதி வேறு. நீ தெருவில் நின்று, "எனக்கு மவளே இல்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாய். அவர்கள் சிறுவாச்சூரில் மெயின் ரோட்டு ஓரமாக ஒரு பட்டறை போட்டு, பின்னாலேயே குடியிருந்தார்கள். நம் லைன் முடிகிற இடத்தில் கடைசிக்கு முந்தின வீடு. அவளும் வரவில்லை, நீயும் போகவில்லை. அவள் பிறந்தநாளுக்கு வரியும் ஓடவில்லை. உங்கள் இரண்டு பேருக்கும் ஒரே மூஞ்சி, ஒரே பிடிவாதம்.

இரண்டாயிரத்து ஆறில் உன் இருமல் நிற்கவில்லை. திருச்சி ஆஸ்பத்திரியில் நுரையீரலில் கட்டி என்றார்கள், காலம் கடந்துவிட்டது என்றார்கள். திரும்பி வருகிற பஸ்ஸில் பாடாலூர் தாண்டியதும் என் பக்கம் திரும்பினாய். பிறகு சொன்னாய்:

"மலருகிட்ட இதச் சொல்லக் கூடாது."

"ஏன்?"

"அப்பன் சாவப் போறான்னு பாவப்பட்டு ஓடியாருவா. அப்படி வர வேணாம்டா. அடுத்த திங்கக்கெழம அவ பொறந்தநாளு. வாழ்த்து லைன் ஓடவுடுறேன். அதப் பாத்துட்டு வந்தா வரட்டும், வராட்டிப் போவட்டும். நீ மட்டும் சொன்ன, செத்தாலும் உன்னோட பேச மாட்டேன்."

"செத்தா எப்படியும் பேச மாட்டியேடா" என்றேன். நீ சிரித்தாய், சிரிப்பு இருமலாக மாறி பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்தத் திங்கட்கிழமை காலையில் கரண்ட் இரண்டு தடவை போய்ப் போய் வந்தது. வாத்து வந்தது. அதற்குக் கீழே வெள்ளை எழுத்து கடகடவென்று ஓடி, பாதியில் நின்றுவிட்டது. அணைத்துப் போட்டோம். அதே இடத்தில் நின்றது. உன் முகத்தை நான் அப்போது பார்த்தேன் மாப்ள. மற்ற நாளாயிருந்தால் பெட்டியைத் திட்டியிருப்பாய். அன்றைக்குத் திட்டவில்லை.

அடாப்டரில் மீட்டர் வைத்துப் பார்த்தாய், கரண்ட் சரியாக வந்தது. இருந்தாலும் வேறு அடாப்டர் மாற்றிப் பார்த்தாய். கார்டை உருவி, அதன் பல்லை ரப்பரால் தேய்த்துத் திரும்பச் சொருகினாய். வாத்து வரும், எழுத்து வரும், நிற்கும். கடைசியில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த எழுத்தையே எழுத்துக்கூட்டிப் படித்தாய். வெகுநேரம் படித்தாய்.

"என்னடா சொல்லுது?"

"கடைசியா நான் வேல பாத்தது வருங்காலத்துலங்குது."

"குடிச்சிருக்கா அது?"

நீ மூடியைத் திறந்து உள்ளே ஒரு வட்டப் பேட்டரியைக் காட்டினாய். கரண்ட் இல்லாதபோதும் தேதியை ஞாபகம் வைத்திருப்பது அதுதானாம். அது தீர்ந்துவிட்டதால் பெட்டிக்கு இன்றைக்கு என்ன தேதி என்றே தெரியவில்லை. ஆயிரத்து எழுபதாம் வருஷம் ஜனவரி ஒண்ணு என்று... இல்லை, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது, ஜனவரி ஒண்ணு என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. தேதி தொலைந்தால் எல்லாப் பெட்டியும் அங்கேதான் போய் நிற்குமாம். கார்டைப் பார்த்தால் நேற்று வரை வேலை செய்த தடம் இருக்கிறது. இது எப்படி, இன்னும் வராத நாளில் நான் எப்படி வேலை பார்த்தேன் என்று குழம்பிப்போய் நின்றுவிட்டது.

"எழுவதுன்னா நான் இன்னும் பள்ளிக்கூடம் போய்க்கிட்டிருக்கேன்டா" என்றேன். "ஆள உட்டு நின்னுடாத, படின்னு சொல்லச் சொல்லு."

நீ திரையைப் பார்த்தபடியே சொன்னாய். "மலரு பொறக்கவே இல்ல. வூட்ட வுட்டுப் போவவும் இல்ல."

நான் போனை எடுத்து உன் கையில் வைத்தேன்.

பெட்டி விற்ற திருச்சிக்காரருக்கு போன் போட்டாய். "பதறாதீங்கண்ணே, கீபோர்டச் சொருவுங்க, கார்டச் சோதிக்கச் சொல்லி ஒரு ஆர்டர் இருக்கு. ஒவ்வொண்ணா கேக்கும், எல்லாத்துக்கும் ஒய் அடிங்க" என்றார். அவர் சொல்லச் சொல்ல நீ அடித்தாய். அது கேட்க ஆரம்பித்தபோது உனக்கு இருமல் வந்துவிட்டது. விரல் ஒன்றிருக்க இரண்டை அமுக்கியது. "நீ அடிடா" என்று நகர்ந்துகொண்டாய். ஒய் எனக்குத் தெரியும், கவட்டைக் குச்சி மாதிரி இருக்கும். அது என்ன கேட்டதோ, நான் என்ன சம்மதித்தேனோ, அடித்துக்கொண்டே இருந்தேன். "எங்க மலரு வருவாளா?" ஒய். "வாத்துக்கு முட்ட வேணுமா?" ஒய். நீ சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

பெட்டி கிளம்பியது. உள்ளே இருந்த பழைய வரியெல்லாம் அழிந்துபோயிருந்தது. நீ உட்கார்ந்து மலருடைய வரியை மட்டும் புதிதாக அடித்தாய். அது படத்துக்குக் கீழே ஓடத் தொடங்கியதும் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாய். மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது.

"சிறுவாச்சூர் போயி கடைசி வூட்டுல சிக்னல் எப்படி இருக்குன்னு பாத்துட்டு வா" என்றாய்.

"சிக்னலையா, உன் பொண்ணையா?"

"சிக்னல."

போனேன். திங்கட்கிழமை, அந்த ஊர்க் கோயில் திறக்கிற நாள், ரோடு முழுக்கக் கூட்டம். மலர் வீட்டுக்கு எதிர்க் கம்பத்தில் ஏறி, சும்மா ஒரு இணைப்பைத் திருகிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தேன். டிவி ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அவளே வெளியே வந்துவிட்டாள். கம்பத்தடியில் நின்று மேலே பார்த்தாள்.

"மாமா, எறங்குங்க. அப்பாவுக்கு என்ன?"

"ஒண்ணுமில்லயே."

"மூலையில தேதி எழுவதுன்னு ஓடுது. அப்பா இப்படி வுட மாட்டாரு. அவருக்கு என்னமோ ஆயிருக்கு."

அப்போதுதான் எனக்கே உறைத்தது. வரி ஓடினால் போதும் என்ற அவசரத்தில் நாம் இரண்டு பேருமே மூலையைப் பார்க்கவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை, சத்தியமாக. ஆனால் கம்பத்தை விட்டு இறங்கிய என் முகம் என்ன சொல்லிற்றோ தெரியாது. என் வண்டியில் ஏறிக்கொண்டாள்.

கண்ட்ரோல் ரூம் வாசலில் அவளைப் பார்த்ததும் நீ எழுந்திருக்கப் பார்த்தாய், முடியவில்லை. அவள் உன் தோள்பட்டை எலும்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தேதி தப்பா ஓடுதுப்பா" என்றாள்.

நீ திரும்பித் திரையைப் பார்த்தாய். அப்புறம் அவளைப் பார்த்தாய்.

"பேட்டரி போச்சும்மா."

அவள் உன் காலடியில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் தங்கச்சியைக் கூட்டி வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே ஓடினேன்.

அதன் பிறகு நீ இருந்தது ஒரு மழைக்காலம். மலர் தினமும் வந்தாள். கஞ்சி ஊற்றினாள், நகம் வெட்டிவிட்டாள், உன்னோடு சண்டையும் போட்டாள். ஆனால் உனக்கு உள்ளே ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது. ஒரு நாள் அவள் மருந்து வாங்கப் போயிருந்தபோது என்னைக் கிட்டே கூப்பிட்டாய்.

"வாழ்த்தப் பாத்துட்டு வந்தாளா, தேதியப் பாத்துட்டு வந்தாளா?"

"வாழ்த்தப் பாத்துட்டுத்தான்" என்றேன்.

"பொய் சொன்னா உனக்கு மூக்கு வெடைக்கும்டா மச்சான்" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். அப்படியே நம்பாமல்தான் போனாய். பாவப்பட்டு வந்தவள் என்று நினைத்துக்கொண்டே அவள் கையால் கஞ்சி குடித்தாய். இத்தனை வருஷமாக அந்த முதுகுதான் என் கண்ணில் நிற்கிறது.

சரி, சேதிக்கு வருகிறேன். போன வாரம் மலர் பிறந்தநாள். கேசரி கொண்டுவந்து, எனக்குச் சர்க்கரை என்றதும் தானே சாப்பிட்டாள். சும்மா வம்புக்கு இழுத்தேன். "அன்னைக்கு அந்தப் பேட்டரி மட்டும் சாவாம இருந்திருந்தா நீ வந்திருப்பியாக்கும்?"

கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"மாமா, வாழ்த்து ஓடுனத மொதல் தடவ பாத்தப்பவே செருப்ப மாட்டிட்டேன். வூட்டப் பூட்ட வந்தேன். டிவிய அமத்தலையேன்னு திரும்புனப்பதான் தேதியப் பாத்தேன். வாழ்த்தப் பாத்துட்டு வந்தேன்னு உங்ககிட்ட எப்படிச் சொல்லுவேன்? மூணு வருஷம் மொறச்சிக்கிட்டு இருந்தவ. எனக்கும் ஒரு சாக்கு வேணும்ல. தேதி கெடச்சுச்சு, அதப் புடிச்சிக்கிட்டேன்."

"உங்கப்பன்கிட்டயாவது சொன்னியா?"

"அவரு கேக்கல. நானும் சொல்லல. தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்."

அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை மாப்ள. நீ என்னிடம் கேட்டதையும் சொல்லவில்லை. சொன்னால் அந்தப் புள்ளை அன்றோடு உடைந்துபோய்விடும். கேசரிப் பாத்திரத்தைக் கழுவிக் கொடுத்து அனுப்பினேன். அவள் போன பிறகு, தப்பான ஆளிடம் சொல்லிவிட்டுப் போகிறாளே என்று வாசலிலேயே நின்றேன். இந்தச் சேதிக்குச் சொந்தக்காரன் நீ. உனக்குச் சேர்க்க வழியில்லாமல் நான்தான் இதை வைத்துக்கொண்டு திரிகிறேன். கோயில் வாசலில், டீக்கடையில், வண்டி ஓட்டுகிறபோது, வாய்விட்டே சொல்லிக்கொள்கிறேன். பார்க்கிறவர்கள் எனக்குச் சர்க்கரை தலைக்கேறிவிட்டது என்கிறார்கள்.

வாழ்த்தப் பாத்துட்டுத்தான்டா வந்தா.