தேருக்கு முன்னால் நடக்கிறவள்

மே 12, செவ்வாய்
மழை. மலையில இன்னும் பனி. முதியோர் இல்லத்தில காலை வேலை, பின்னேரம் சும்மா. வாங்க: லீக்ஸ், ரின் மீன், முட்டை, றஸ்க் தூள்.

மகள் அபியின்ர பள்ளிக்கூடத்தில றோமர் விழாவாம். லத்தீன் படிக்கிற பிள்ளையள் ஊர்வலம் போகினம். சண்டையில வெண்ட தளபதி தேரில. தோத்த சனத்தைக் கையைக் கட்டித் தேருக்கு முன்னால நடத்துவினமாம். ஊர்ச்சனம் றோட்டுக்கரையில நிண்டு கைதட்டுமாம். நீ ஆர் எண்டு கேட்டன். கைதியாம். வெறுங்கால், சாக்குச் சட்டை.

எனக்குப் பத்திக்கொண்டு வந்திட்டுது. அவ்வளவு வெள்ளைப் பிள்ளையள் இருக்க, கட்டி இழுக்க என்ர பிள்ளைதானோ கிடைச்சது? ஏதோ சொல்ல வந்தாள். பேசாமச் சாப்பிடு எண்டிட்டன்.

மே 13, புதன்
சூரிச்சில இருந்து மச்சாள் போன். விழாவுக்கு வாறாவாம். படம் எடுத்துக் குடும்பக் குறூப்பில போடுவாவாம். கனடா, லண்டன் எல்லாம் பார்க்கும். அவவின்ர மகளுக்குப் போன வருசம் அரங்கேற்றம், நகையும் பட்டுமா. என்ரை கயித்தோட. வெக்கக்கேடு.

இவரிட்டச் சொன்னன். ஹோட்டல் குசினியில சமைச்சிட்டு வந்த களை. "நாடகம்தானே, விடும்" எண்டிட்டுப் படுத்திட்டார்.

மே 15, வெள்ளி
குளிர். மீன் றோல்ஸ் சுட்டு, ஒரு பெட்டி கட்டிக்கொண்டு லத்தீன் ரீச்சரிட்டப் போனன். அபிக்குச் சொல்லேல்ல. ரீச்சர், "அபிதான் தானா..." எண்டு தொடங்கினா. நான் விடேல்ல. என்ர ஓட்டை ஜேர்மன் பாசையில, பிள்ளை கறுப்பு எண்டபடியாலோ எண்டு கேட்டன். மனிசி அப்பிடியே சிவந்து போனா. உடன மாத்திறன் எண்டா. றோல்சையும் வாங்கினா.

பஸ்ஸில நெஞ்சை நிமித்திக்கொண்டு வந்தனான்.

மே 18, திங்கள்
அபி சப்பாத்தும் கழட்டாமக் குசினிக்குள்ள வந்து நிண்டாள். அந்த வேசத்தை அவளாத்தான் கேட்டு வாங்கினவளாம். கைதி பேசுறதுக்கு ஒரு பேச்சும் தானே எழுதினவளாம். இந்த ஊர்வலங்களைப் பற்றி றோமர் எழுதினதில தோத்த சனத்தின்ர பேச்சே இல்லையாம், எத்தினை பேரைப் பிடிச்சதெண்ட கணக்கு மட்டும்தானாம்.

"நீங்கள் கடைசிச் சண்டையில ஆமிக்காரருக்கு முன்னால கையைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்தனீங்களெல்லோ அம்மா. உங்களை நினைச்சுத்தான் எழுதினனான்."

ஒருக்காத்தான் அவளுக்குச் சொன்னனான். அதுவும் அரைகுறையா.

கிழங்கு அடியில பிடிச்சுப்போச்சு. ரீச்சருக்குப் போன் அடிச்சு, பிழை விட்டிட்டன், திருப்பி மாத்துங்கோ எண்டன். வேற பிள்ளைக்குக் குடுத்தாச்சாம். பேச்சையும் எடுத்திட்டினமாம், இன்னொரு பிரச்சினை வேண்டாமெண்டு. என்னைப்போல ஒரு மூதேவி.

மே 20, புதன்
அபி கதைக்கிறேல்ல. கோபமெண்டாலும் பரவாயில்லை, மரியாதையா ஓம், இல்லை எண்டு மட்டும். வேலையில ஒரு அம்மாவுக்கு மருந்து குடுக்க மறந்து, திரும்பி ஓடினன்.

மே 23, சனி
வெயில். நல்ல சனம். அபி தேரில, வெள்ளை உடுப்பு, இடுப்பில தங்கக் கலர்ப் பட்டி. தளபதியின்ர தலைக்கு மேல இலைமுடி பிடிச்சுக்கொண்டு. எங்கட பக்கம் திரும்பவேயில்லை. மச்சாள், பிள்ளை ராசாத்தி மாதிரி எண்டு படம் படமா எடுத்தா. குறூப் முழுக்க இதயம்.

தேருக்கு முன்னால வேறொரு பெட்டை, சாக்குச் சட்டையோட. கயித்தை ஆட்டிச் சிரிச்சுக்கொண்டு போனாள். ஒரு பேச்சும் இல்லை.

அந்தப் பெட்டை எங்களைத் தாண்டேக்க சனம் கைதட்டிச்சு. மச்சாள் என்னைப் பார்த்தா. நானும் தட்டினன்.