பிலோமினா வந்தால் மெஷினுக்குக் கோளாறு

1974 பிப்ரவரி 4, திங்கள்

வாடை குறைந்துவிட்டது. காலையிலேயே புழுக்கம். உப்புக்காற்றில் திருகெல்லாம் துரு. வாங்க வேண்டியது: பேட்டரி, ரப்பர் பெல்ட் ஒரு கஜம், அம்மாவுக்குத் தைலம்.

மெஷின் இன்று முழுநாளும் ஓடியது. ஓடியது என்று எழுதவே எத்தனை சுகம்! ஹாஜியார் கிடங்கில் உடைத்த கப்பல் சாமான் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. வாஷர்களை அகலம் பார்த்துப் பிரிக்கச் சல்லடை போதும். கனம் பார்த்துப் பிரிக்க நான்கு பெண்கள் விரலால் தடவித் தடவிச் சாக வேண்டியிருந்தது. அதற்குத்தான் இது. ஒரு பக்கம் பழைய கப்பல் கடிகாரத்தின் ரேடியம் பூசிய முகப்பு. எதிரே ரேடியத்தின் கதிர்களை எண்ணி டிக் டிக் அடிக்கும் குழாய், மதுரையில் ஒரு கல்லூரியில் கழித்துப் போட்டது. நடுவே வாஷர் போகும். மெலிசு என்றால் கதிர் புகுந்துவிடும், டிக் டிக் கூடும், கதவு இடப்பக்கம் திறக்கும். கனம் என்றால் கதிர் மறைந்து வலப்பக்கம். ரேடியம் முகப்பைச் சுற்றி ஈயப்பெட்டி. வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகளை உருக்கி நானே வார்த்தது. கதிர் உடம்புக்கு ஆகாது, ஒருத்தரும் தொடக்கூடாது என்று சத்தம் போட்டுச் சொல்லியாயிற்று.

ஹாஜியார்: "நல்லாத்தாம்ல இருக்கு. சனிக்கெழம கொச்சிலேருந்து சாமான் வாங்க ஆளு வாரான். அவன் முன்னால இப்பிடி ஓடணும்."

ஓடும் என்றேன். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

5, செவ்வாய்

மெஷின் காலை வாரிவிட்டது. கனமும் மெலிசும் ஒரே பெட்டியில். காலையில் அந்த நான்கு பெண்களில் திரேசா வாஷர் கொட்டினாள், ஒழுங்காக ஓடியது. மதியம் முதல் தடவையாகப் பிலோமினா முறை. போச்சு.

திரேசா: "ஏளா, தள்ளி நில்லு. மெஷினுக்கே ஒன்னயப் புடிக்கல."

எல்லோரும் சிரிப்பு. பிலோமினா சிரிக்கவில்லை. புருஷன் கொழும்புத் தோணியில் போகிறவன். ஒரே மகள் ஜெசிந்தா, மூன்று வயது. அதற்குப் பிறகு உண்டான இரண்டும் வயிற்றிலேயே கலைந்துவிட்டன. ராசியில்லாதவள் என்று மற்றவர்கள் பேசுவது அவளுக்குக் கேட்காமலா இருக்கும்?

6, புதன்

கம்பி மாற்றினேன், பேட்டரி மாற்றினேன். அவள் சாப்பிடப் போனால் மெஷின் தங்கம். திரும்பி வந்தால் கோளாறு. மண்டை காய்ந்துவிட்டது. இதற்குள் ஹாஜியார் காதுக்குப் போய்விட்டது.

"அந்தப் புள்ளைய சனிக்கெழமைக்கு முந்தி நிறுத்திருவோம்."

"மெஷினுக்கு ராசி கிடையாது ஹாஜியார்."

"எனக்கும் அதுல நம்பிக்க கெடையாதுல. ஆனா யாவாரம்னு ஒண்ணு இருக்குல்லா? வேற காரணம் இருந்தாச் சொல்லு."

அவமானமாக இருந்தது. போகும்போது வாசலில் பிலோமினா: "அண்ணாச்சி, நான் ஒண்ணுஞ் செய்யலியே." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு போனாள்.

7, வியாழன்

பல் தேய்க்கும்போது உறைத்தது. ராசியாவது மண்ணாவது! அந்தக் குழாய்க்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதானே.

கிடங்குக்குப் போனதும் ரேடியம் முகப்பை மூடினேன், பெல்ட்டை நிறுத்தினேன். அங்கொன்றும் இங்கொன்றுமாக டிக். பிலோமினாவைப் பக்கத்தில் கூப்பிட்டேன். சடசடவென்று கொட்டியது, தகரத்தில் மழை பெய்கிற மாதிரி.

"கழுத்துல என்ன போட்டிருக்க?"

"மாதா உத்தரியம் அண்ணாச்சி, கோயில்ல தந்த கயிறு."

"கூட வேற என்ன?"

திரும்பி நின்று எடுத்தாள். துணியில் பொதிந்த வட்ட வில்லை. இருட்டில் படி தெரிவதற்காகக் கப்பலில் பதிப்பது. மேலே விரிசல் விட்ட கண்ணாடி, உள்ளே ரேடியம் பூச்சு. கிறிஸ்துமஸுக்கு முன்னால் மூட்டையில் கிடைத்ததாம்.

"கரண்டு போனா ஜெசிந்தா பயப்படுவா. தலமாட்டுல வெச்சா, மாதா வெளிச்சம்னு சிரிப்பா. பகல்ல வெச்சிட்டு வந்தா முழுங்கிருவாளோன்னு நானே நெஞ்சோட வெச்சுக்கிடுதேன்."

வாய்க்கு வந்தபடி ஏசினேன். வில்லையை வாங்கி ஈயத்தில் பொதிந்து வைத்தேன். அந்த இடத்தில் புண் இருக்கிறதா என்று கேட்டேன். வேர்க்குரு என்று நினைத்தாளாம். ஒரு மாதமாக ஆறவில்லை.

சாயங்காலம் குழாயைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். தலையணை டிக் டிக். பிள்ளையின் உள்ளங்கை டிக் டிக். சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினோம். கை அடங்கியது. வாய், வயிறு, தலைமுடி எல்லாம் பார்த்தேன், ஒன்றும் இல்லை. திரும்பவும் பார்த்தேன். மாதாவே, அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. வெளிச்சம் எங்கே என்று பிள்ளை ஒரே அழுகை. என் டார்ச்சைக் கொடுத்துவிட்டு இருட்டில் தட்டுத்தடுமாறி வந்தேன்.

9, சனி

கொச்சிக்காரர் வந்தார். வாஷர் கொட்டியது பிலோமினா. வேண்டுமென்றேதான் அவளை மெஷினில் நிற்க வைத்தேன். ஒரு பிசகு இல்லை. ஹாஜியார் எல்லோருக்கும் பிரியாணி. அவளை வேலையை விட்டு நிறுத்துகிற பேச்சு இல்லை. மின்னுகிற சாமான் எது வந்தாலும் இனி நேரே என்னிடம் வர வேண்டும் என்று உத்தரவு. திரேசா வாயே திறக்கவில்லை, பிரியாணிக்குத் தவிர.

11, திங்கள்

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சு. இரண்டாம் தடவையாக.

காலையில் பிலோமினாவைக் கூட்டி வந்தேன். நடந்ததையெல்லாம் டாக்டரிடம் சொன்னேன். புண்ணுக்கு மருந்து, ரத்தம் எடுத்தார்கள், மாதாமாதம் வரச் சொன்னார். வேறு ஏதாவது உண்டா என்று அவளைக் கேட்டார். இல்லை என்றாள். பஸ் ஏறினோம். வழியெல்லாம் ஒரே பேச்சு அவள். இவ்வளவு பேசுகிறவள் என்று எனக்குத் தெரியாது.

"இனி என்னய ராசியில்லாதவளுன்னு யாரும் சொல்ல மாட்டாவல்லா அண்ணாச்சி?"

"எவளாவது சொன்னா என்கிட்ட வந்து சொல்லு."

"அப்ப ஒங்ககிட்டத்தான் மொத மொத சொல்லுதேன். எங்க வீட்டுக்காரவுகளுக்கே தெரியாது. சொன்னா முந்தி மாதிரி ஆயிருமோன்னு பயந்து டாக்டர்ட்ட கூட வாயத் தொறக்கல. மூணு மாசம் அண்ணாச்சி."

முகமெல்லாம் சிரிப்பு.

பாதி வழி, வல்லநாடு வந்திருந்தது. இறங்கு என்றேன். எதிர்ப் பஸ்ஸுக்கு வெயிலில் நின்றோம்.

"எதுக்கு திரும்பப் போறோம்? டாக்டர்ட்டயும் சொல்லணுமா?"

ஆமாம் என்றேன். அதற்குமேல் என்னால் முடியவில்லை. நல்ல சேதி சொல்லப் போகிறவள் மாதிரி தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அரைமணியாகிறது. நர்ஸ் கதவைத் திறந்து, "இந்தப் பொண்ணுகூட யாரு வந்தது? டாக்டர் கூப்பிடுதாரு" என்கிறாள்.